படப்புத்தகத்தில் இல்லாதது

கருவி கத்திய இடத்தில்
பக்கவாட்டாகக் களியைச் சுரண்டினேன்.
மூக்கு வரும், செம்புப்பட்டி வரும், இறகு வரும் என்று
கை தானாகவே பழகியிருந்தது.
வந்தது ஓர் உருண்டை.
பனங்காயளவு. துருவில் தோல் உரிந்து,
தூக்கிப் பிடிக்க இரண்டு காது,
உச்சியில் ஒற்றைத் துளை.

வட்டுவாகலில் பதினொரு மாதமாய் முழங்காலில் நிற்கிறேன்.
எங்கள் படப்புத்தகத்தில் இதற்குப் பக்கமில்லை.
செபநேசன் படமெடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு வந்து சொன்னார்:
ஒல்லாந்தன் காலத்ததாம்.
உள்ளே கோறை. கோறைக்குள் கருமருந்து.
துளையில் அடைத்த மரக்கட்டைக்குள் திரி.

அதற்கு முன் குண்டென்றால் முழு இரும்பு;
பட்ட இடத்தோடு அதன் வேலை முடியும்.
எவனோ ஒருவன்
நடுவில் கொஞ்சம் இரும்பை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் நேரத்தை வைத்தான்.

கட்டையில் கத்தியால் கீறிய கோடுகள்.
களி அதை உக்கவிடவில்லை.
இவ்வளவு தூரமென்றால் இந்தக் கோட்டில் நறுக்கு.
நறுக்கிச் சுட்டபின்
பீரங்கிக்காரன் உதட்டுக்குள் எண்ணுவானாம்.

எண்ணுவது எனக்கும் தெரியும்.
அங்கால குத்துற சத்தம் கேட்டதும்
பங்கருக்குள் அக்கா தொடங்குவாள்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு...
பதினேழு தாண்டினால் எங்களுக்கில்லை.
மூச்சு விடுவோம்,
வேறு யாருக்கோ என்பதை எண்ணாமல்.

இதை எண்ணினவன்
எந்த எண்ணில் நிறுத்தினானோ.

படிவம் கேட்கிறது: செயலிழந்ததா?
பேனையைப் பிடித்தபடி இருக்கிறேன்.
மண்மூட்டைக்கு அப்பால்
யாரோ லொறிக் கதவை அடித்துச் சாத்த,
என் வாய்
ஒண்டு என்கிறது.