பாதி ஏணி

மூன்று மாதம் உட்கார்ந்தோம்,
சேலம் பெரியாஸ்பத்திரி மாடியில்
ஏசி ஓடாத பயிற்சி அறையில்.
ஒரு நோவுக்கு ஒரே பெயர்,
அவ்வளவுதான் வேலை என்றார்கள்.

"பயனற்ற சுவாச முறை" என்று வாசித்தாள்
கல்லூரியிலிருந்து வந்த டியூட்டர்.
இப்படித் திட்டினால் நாளைக்கு மூச்சு
வேலைக்கே வராது என்றாள் கௌசர்.
சிரித்தோம். வடை வந்தது.
எண்ணெய்க் கையை எட்டாம் பக்கத்தில் துடைத்தோம்.
"சீரற்ற மூச்சு" என்று முடிவானது, எண் முப்பத்திரண்டு.
"தோல் ஒருமைப்பாட்டுச் சிதைவு" தோற்று
"படுக்கைப் புண்" ஜெயித்தது.
"ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு
ஒரு மதியம் முழுக்கப் போயும்
எண் கிடைக்கவில்லை.

நான் அதிகம் பேசவில்லை.
எனக்குப் பதினேழாம் கட்டில் ஞாபகம்.
சிவதாபுரத்துக்காரர், கொலுசுக்குப் பாலீஷ் போடுபவர்,
விரல் ரேகைக்குள்ளெல்லாம் கறுப்பு.
காலையில் நான் எழுதினேன்: களைப்பாக உள்ளார்.
மதியம் கௌசர்: சாப்பிட மறுக்கிறார்.
ராத்திரி மெட்டில்டா: பயப்படுகிறார், ஆறுதல் சொல்லப்பட்டது.
மூன்று நாள், ஒன்பது கையெழுத்து,
ஒரே நுரையீரல்.
யாரும் பொய் எழுதவில்லை.
வேறு வேறு சொல்லை யார், எப்படிக் கூட்டுவது?
அவர் மனைவி எங்களை ஒன்றும் கேட்கவில்லை.
டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து
எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே பட்டியல் வேண்டாம் என்று
என்னிடம் கவிதை பேசாதீர்கள்.

தை மாதக் கடைசி.
கம்ப்யூட்டரில் பட்டியல் ஏறிய முதல் வாரம்.
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டையூசி வளைவும் இறங்கி
ஆம்புலன்ஸ் வந்தது.
சடையன், கொளகூர், ஐம்பத்திரண்டு வயது.
மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் சாத்திய மூங்கில் ஏணி
நழுவியிருக்கிறது. விலா மூன்று.
கூட வந்த மேஸ்திரி மிளகு விலையைப் பற்றியே பேசினார்.
என்ன பண்ணுது என்று கேட்டேன்.
வெகுநேரம் ஃபேனைப் பார்த்தார்.
"நா எறங்கிட்டேன்மா.
மூச்சு இன்னும் மரத்து மேலயே நிக்குது."

முப்பத்திரண்டு. அழுத்தினேன்.
காரணம்: விலா முறிவு.
சான்று: நிமிடத்துக்கு இருபத்தெட்டு, மேலோட்டமாக.
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்:
நோயாளியின் சொற்களில்.
கமிட்டியில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.
முப்பத்தைந்து எழுத்துதான் கொடுத்தார்கள்,
புள்ளியையும் கொம்பையும்
தனித்தனியாக எண்ணுகிற மிஷினில்.
மேற்கோள் குறி திறந்து அடித்தேன்:
"மூச்சு இன்னும் மரத்து மேலயே நிக்கு
அதற்கு மேல் வாங்கவில்லை.
குறியை மூடவும் இடமில்லை.

ராத்திரி எட்டுக்கு மெட்டில்டா வந்தாள்.
திரையில் எண்ணைப் பார்த்தாள்.
தலைமாட்டை உயர்த்தி, ஆக்ஸிஜன் திருகி,
டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள்,
எல்லாம் நான் செருப்பு மாட்டுவதற்குள்.
அப்புறம் திரும்பிப் போய்
அறுந்த வரியைப் படித்தாள்.

காலையில் நான் வந்தபோது
விலாவோரம் குழாய், பாட்டிலில் சிவந்த நீர்.
மெட்டில்டா அவர் காதருகே குனிந்து
"எறங்கிடுச்சா?" என்றாள்.
சடையன் யோசித்தார்.
"பாதி ஏணி."

அவள் கடிகாரத்தைப் பிடித்து
ஒரு நிமிடம் முழுதாக எண்ணி
இருபத்திரண்டு என்று எழுதினாள்.