மான் தின்ற மந்திரங்கள்

இருபத்தேழு பொயின்ற்.
அவ்வளவுதான் தருவான் இம்தியாஸ்.
அழுதாலும் இருபத்தெட்டு இல்லை.

பலத்துக்குப் பதினான்கு போட்டேன்,
புத்திக்கும் பதினான்கு.
மிச்சத்தில் உடல்வலு, கொஞ்சம் வேகம்.
வசீகரத்துக்கு வெறும் எட்டு:
என் ஆள் சிரித்தால்
கடைக்காரன் விலையைக் கூட்டுவான்.
பரவாயில்லை.

ஏகாம்பரம் வீதி, இரும்புக்கடையின் பின்னறை.
கவிழ்த்துப் போட்ட கரம் போர்ட்.
இருபது முகப் பகடை அதன்மேல் உருளும்போது
ஆணிப் பெட்டிகள் மெல்லச் சிணுங்கும்.

துவாரகன் முழு வாள்வீரன்.
இரும்பு உடுத்த எருமை என்பான் தன்னை.
சுமையா முழு மந்திரக்காரி;
அறையின் அந்தப் பக்கம் நின்றபடி
ஊரையே எரிப்பாள்,
மேலே பல்லி விழுந்தால் செத்துப்போவாள்.
இருவரும் என் தாளை எட்டிப் பார்த்தார்கள்.
"ஆற்றில ஒரு கால், சேற்றில ஒரு கால்" என்றான் அவன்.
"மூன்றாம் லெவலிலேயே உனக்குக் குழி வெட்டுறம்" என்றாள் அவள்.

கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி.
வாளில் நான் ஏறும் ஒவ்வொரு படிக்கும்
மந்திரம் கீழே ஒரு படி காத்திருக்கும்.
துவாரகன் இருமுறை வெட்டும் நாளில்
நான் ஒருமுறை.
சுமையா நெருப்பு மழை பொழியும் நாளில்
என்னிடம் ஒரு நெருப்புக்குச்சி.

அதைவிடப் பெரிய சிக்கல், கை.
வலக்கையில் வாள். இடக்கையில் கேடயம்.
மந்திரத்துக்கு விரல் மடக்க வேண்டும்,
விரல் எங்கே?
மூன்று இரவு, மா ஆலையில்
மூட்டை எண்ணிக்கொண்டே யோசித்தேன்.
நாலாம் நாள் கேடயத்தை அழித்தேன்,
ரப்பர் தாளையும் கொஞ்சம் கிழித்தது.
'இடக்கை: வெறுமை' என்று எழுதினேன்.
காப்பில் இரண்டு குறைந்தது.

பெயர் வேழினி.
மந்திரம் நான்கு.
பொறி. நீர்த்திரை. காயம் கட்டு.
நாலாவது, தூரத்துக் கதவொன்றைச்
சத்தமில்லாமல் சாத்துவது.
ஏனென்று கேட்காதீர்கள்.

ஞாயிறு பின்னேரம், டச்பே கடற்கரை.
சீமெந்துக் கட்டில் தாளை வைத்துவிட்டுக்
கடலை வாங்கப் போனேன்.
வந்து பார்க்க, கோட்டைப் பக்கத்து மானொன்று
மென்றுகொண்டு நிற்கிறது.
அதட்டினேன். பார்த்தது. மென்றது.
இந்த ஊர் மானுக்கு அவசரம் கிடையாது,
பஸ்ஸே நின்றுதான் போகும்.

மிஞ்சியது தாளின் இடப்பாதி.
பலம் இருந்தது. வாள் இருந்தது.
புத்தியில் 'பு' மட்டும்,
எச்சிலில் ஊதாவாய் ஊறி.
மந்திரம் நான்கும் மானின் வயிற்றில்.

இம்தியாஸ் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தான்.
நீதவான் மாதிரி பிளேன்ரீ ஒரு மிடறு குடித்தான்.
"தாள்ல இருக்கிறதுதான் ஆள்."
எனக்கு நினைவிருக்கிறது என்றேன்.
"மானுக்கும் இருக்கும்" என்றான்.
எருமைக் கூட்டத்துக்கு வா என்று
துவாரகன் கை நீட்டினான்.

சுமையாதான் குறுக்கே விழுந்தாள்:
"இடக்கை வெறுமை எண்டு கிடக்கே.
வாள்காரிக்கு எதுக்கு வெறுங்கை?"

இம்தியாஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான்.
மானைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
கடைசியில் தீர்ப்பு:
மந்திரம் உண்டு.
எதுவென்று வேழினிக்குத் தெரியாது.
கை உயர்த்தும்போது பகடை சொல்லும்.

இப்போது சுரங்கத்தில் நிற்கிறோம்.
துவாரகன் விழுந்து கிடக்கிறான், இரும்போடு.
சுமையாவிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை.
எதிரே, விளக்குக் கண்ணோடு ஏதோ ஒன்று.
வாளுக்கு உருட்டினேன்: நான்கு.
காற்றை வெட்டினேன்.

என் சொந்த இடக்கையைத் தூக்கினேன்,
நகத்தில் இன்னும் மா.
பகடையை விட்டேன்.
போர்ட்டைத் தாண்டி அது கீழே ஓடவும்
கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

நாலு பேரின் போன் வெளிச்சம்
நிலத்தில் ஊர்கிறது.
ஆணிப் பெட்டிகளுக்கிடையில் எங்கேயோ
ஓர் எண் மேலே பார்த்துக் கிடக்கிறது.
மற்றக் கையால்தான் தேடுகிறேன்.
இடக்கையை இன்னும் இறக்கவில்லை.