பருவகாலப் பணி

ஐப்பசி நாலாம் தேதி வந்திறங்கின,
வடக்குக் காற்றோடு,
டோக்கன் வாங்காமல்.

கச்சனம் கொள்முதல் நிலையத்தில்
பதினோரு நாளாய்க் கிடக்கிறது
உத்திராபதியின் குறுவை.
ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டு
மதியரசன் சார் உதட்டைப் பிதுக்குகிறார்:
பத்தொன்பது புள்ளி நாலு.
"இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க."
வெயிலை எங்கே போய் வாங்க?

தட்டான் என்று பெயர் வைத்தவன்
இதன் வாலைப் பார்த்திருக்க மாட்டான்.
நீலத் தார்ப்பாயின் மினுக்கத்தைக்
குளமென்று நம்பித்
தட்டுகிறது, தட்டுகிறது,
தட்டிய இடமெல்லாம் முட்டை.
தடவினால் கசகசாபோல் விரலில் ஒட்டும்.
பத்து மணிக்கு எட்டிப்பார்க்கும் அரை வெயிலிலேயே
பொரிந்துவிடும்.
சட்டியில் அரிசி பொரிவதைச் சொல்கிறேன்.
தட்டிக்கழிக்கத் தெரிந்தவர்கள்
உள்ளே, மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்கள்.

நான் காவலாள். பருவகாலம்.
சம்பாவின் கடைசி மூட்டை லாரி ஏறியதும்
என் பெயருக்குக் கீழே ஒரு கோடு.
அடுத்த குறுவைக்குப் போன் வந்தால் கச்சனம்,
வராவிட்டால் திருப்பூர்.

உத்திராபதியின் மகன் மாலத்தீவில்
ஹோட்டல் மெத்தைக்கு உறை மாட்டுகிறான்.
சாக்கில் படுத்தபடி படம் காட்டினார்:
வெள்ளை மணல், துணி காயும் கொடி,
கொடி நெடுகத் தட்டான்.
"ஆறு கெடையாது, கொளம் கெடையாது,
குடிக்கிற தண்ணியே மெஷின்ல எடுக்குறதாம்.
அங்க என்னத்துக்குப் போவுது?"
கொஞ்ச நேரம் கழித்து அவரே:
"அங்கேருந்தும் இன்னும் போவணும் போல."

அன்றிரவு மழை.
தார்ப்பாய்ப் பள்ளத்தில் ஒரு சாண் தண்ணீர்.
பொய்க்குளம் விடிவதற்குள் மெய்க்குளம்.
ஆளுக்கு இரண்டு முனை பிடித்தோம்.
அழுக்கு மஞ்சளில் ஒன்று
நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்துகொண்டிருந்தது.
அவர் பிடித்தபடியே நின்றார்.
கை நடுங்கும் வரைக்கும் நின்றார்.
"நெல்லு நனையுதுய்யா."

கவிழ்த்தோம்.
லாரி டயர் அழுத்திய பள்ளத்தில்
போய் நிறைந்தது அத்தனையும்.

முட்டைக்கு இறக்கை முளைக்க
நாற்பது நாளாவது வேண்டுமாம்.
அதுவரை அந்தத் தடத்தில்
இன்னொரு டயர் விழக்கூடாது.

விழாது.
மூட்டை ஏற்ற லாரி கேட்டு
நேற்றுதான் கடிதம் போயிருக்கிறது.