இடுப்பைப் பார்

கண்ணைப் பார்க்காதே,
கண்ணால் பொய் சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம்.
தோளையும் நம்பாதே.
இடுப்பைப் பார், இடுப்பு போகும் பக்கம்தான் ஆள் போவான்
என்றார் கோச் ஹென்ஸ்லி, சூயிங்கம்மை மாற்றி மென்றபடி.

ஆகவே இரண்டு வருடம்
வர்னெல் தெரியோவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கிளீவ்லேண்டில், செவ்வாய் தவிர்த்து,
ஏரிக்காற்று காதைத் திருகும் பயிற்சி மைதானத்தில்.
அவன் முதுகில் எப்போதும் எண்பத்து நான்கு.
என் எண் வாராவாரம் மாறும்.
வரும் ஞாயிறு அவனை மறிக்கப்போகிறவன் யாரோ
அந்த ஆளாக நடிப்பது என் வேலை.
ஞாயிறு வந்தால் அசல் ஆள் வந்துவிடுவான்.
நான் கம்பளிக் குல்லாயோடு ஓரத்தில் நிற்பேன்.

ஹூமாக்காரன். அம்மா இறால் உரிக்கும் கூடத்தில்.
அவன் கைகளைப் பற்றி டி.வி.யில் அளப்பார்கள்.
எனக்குத் தெரிந்த கை வேறு:
மூன்று முறை உடைந்த இடது சுண்டுவிரல்
மற்ற நான்கோடும் பேச்சுவார்த்தை இல்லாமல்
தனியே மேற்கு நோக்கி நிற்கும்.
டெக்ஸாஸ் என்று அதற்குப் பேர் வைத்திருந்தான்.
"டெக்ஸாஸ் வலிக்குது, நாளைக்கு மழை."
மழை வந்துமிருக்கிறது.

ஓடுவான். பன்னிரண்டு கெஜம்,
உயிர் போகிற அவசரத்தில் உள்ளே பாய்வது போல.
அப்புறம் ஒரு கணம் அந்த அவசரமே இராது.
வெளியே திரும்பியிருப்பான்.
முன்பதிவு செய்த இருக்கையில் உட்காருவது போல்
பந்து அவன் நெஞ்சில் வந்து உட்காரும்.
நான் புல்லோடு புல்லாக.

மூன்று மாதம் இப்படி விழுந்து எழுந்த பின்
ஒன்று கேட்டது.
திரும்புவதற்கு முந்தின அடியில்
உதட்டைக் குவித்து ஒரு சின்ன மூச்சு விடுவான்,
சூடான காபியை ஊதுகிறவன் மாதிரி.
பொய்த் திருப்பத்துக்கு அது வராது.
இடுப்பையும் பொய் சொல்லப் பழக்கியிருந்தான்,
மூச்சை மறந்துவிட்டான்.
அவன் மனைவி சொலாஞ்சுக்கும் தெரியாது இது.
யாரிடமும் சொல்லவில்லை.
பத்தில் நான்குக்கு வேண்டுமென்றே பிந்திப் போனேன்,
அவன் முகம் வாடக் கூடாது என்றுதான்
என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபரில் என்னைக் கழற்றிவிட்டார்கள்.
ஒன்பதாம் நாள் டென்வரிலிருந்து அழைப்பு.
விமானச் சீட்டு, ஹோட்டல், ஒரு வாரச் சம்பளம்.
அந்த ஞாயிறு அவர்களுக்கு ஆட்டம் கிளீவ்லேண்டோடு.
நான் ஓடுகிறேனா என்று ஒருவரும் பார்க்கவில்லை.
ஓர் அறை, வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனா.
"தெரியோவைப் பத்திச் சொல்லு."

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.
மார்க்கரின் மூடியைக் கழற்றினேன்.

அவனை நோக்கி எட்டுப் பந்துகள் வந்தன.
பிடித்தது பூஜ்யம்.
இரண்டை எங்கள் ஆள் பறித்துக்கொண்டு ஓடினான்.
எங்கள் என்றா சொன்னேன்?
திங்கட்கிழமை அவர்களும் என்னைக் கழற்றிவிட்டார்கள்.

வர்னெலுக்கு அதன் பிறகு ஒரு வருடமும் சில்லறையும்.
டாம்பா, பிறகு ஓர் ஆகஸ்ட் மட்டும் பிட்ஸ்பர்க்.
மொத்தம் எட்டு சீசன், இருநூற்றுப் பன்னிரண்டு பிடி,
பதினோரு டச் டவுன்.
அந்த ஆட்டத்தால்தான் என்று சொல்ல முடியாது,
முப்பத்தொன்று ஆகியிருந்தது அவனுக்கு.
இல்லை என்றும் சொல்ல முடியாது.

பதினாறு வருடம் கழித்து, அக்ரனில்,
எலும்பு வைத்தியரின் காத்திருப்பு அறை.
எனக்கு முழங்கால். அவனுக்கு இடுப்பு:
பழசை எடுத்து டைட்டானியம் வைத்து ஆறு வாரம்.
டெக்ஸாஸ் இன்னும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது.
"மூச்சுதானே?" என்றான், நான் வாய் திறக்கும் முன்.
"வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், ரெண்டு மாசம்.
அதுவரைக்கும் நான் மூச்சு விடுறதே எனக்குத் தெரியாது."
சிரித்தான். எவ்வளவு சிரிப்பு என்று நான் அளக்கவில்லை.
செவிலி என் பெயரைத் தப்பாக அழைத்தாள்.

எழுந்தவன் ஜன்னலருகே நின்றுவிட்டேன்.
கைத்தடியோடு கார் நிறுத்துமிடத்தைக் கடக்கிறான்.
இடது பக்கம் என்று என் குதிகால் முடிவெடுத்தது,
வலிக்கிற முழங்காலில் எடையை மாற்றினேன்.
அவன் வலமாகப் போனான்,
உருகிய பனித்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு,
யாரும் மறிக்காத ஒரு நீல வேனுக்கு.