முந்நூறு லக்ஸ்

அளவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
தரையிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டர்,
மேசை உயரம்.
மீட்டரின் வெள்ளைக் குமிழை அந்த உயரத்தில் பிடித்தபடி
சுவரோரம் ஆறு இடம், நடுவில் ஆறு இடம்
நடந்து நடந்து குறித்தேன்.
சராசரி முந்நூறு.
டெண்டர் கேட்டதும் முந்நூறு.
பில் போட்டாயிற்று.

அம்பாசமுத்திரம், அரசு ஆசுபத்திரி.
பிரசவ வார்டும்
வெளியே ஆட்கள் காத்துக் கிடக்கும் கூடமும்.
முன்பு அங்கே பதினோரு டியூப்லைட்.
நான்கு எரியாது, இரண்டு யோசித்து யோசித்து எரியும்,
ஒரு சோக்கு விடியும்வரை ரீங்கரிக்கும்.
எல்லாவற்றையும் இறக்கிவிட்டு
இரண்டடிச் சதுரப் பலகைகள் பதித்தேன்,
ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்,
உச்சி வெயிலைச் சதுரம் சதுரமாய் அறுத்ததுபோல.

பத்தாம் நாள் போன்.
"லைட்டு நல்லாத்தான் இருக்கு சார்.
ஒரு ராத்திரி வந்து உக்காந்து பாருங்க."
சிஸ்டர் ஜெயசீலி வேறொன்றும் சொல்லவில்லை.

ஆனி மாதக் காற்று
வாசல் ஃப்ளெக்ஸைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.
உள்ளே இருபத்தேழு பேர்,
ஒருவருக்கும் முகம் இல்லை.
முகத்தின் மேல் துண்டு, முந்தானை, தினசரியின் நடுப்பக்கம்,
ஒருவருக்கு எக்ஸ்ரே கவர்.
முக்கூடல்காரி ஒருத்தி
தலையை மட்டும் பெஞ்சுக்கு அடியில் நுழைத்திருந்தாள்.
"ஏம்மா, இங்கனதான் இவ்வளவு இடம் கெடக்கே?"
"பகல்ல வெயிலு கொல்லுது,
ராத்திரி இவனுவ கொல்லுதானுவ" என்றாள்,
அந்த இவனுவ நான்தான் என்று தெரியாமல்.

மல்லாந்து படுத்தவர்களின் கண்
என் கட்டங்களில் எதிலுமே இல்லை.

விடிகாலை ஆறு மணி.
சொரிமுத்துவின் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
வயல் பக்கத்து ஜன்னலுக்குப் போனார் ஜெயசீலி.
நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார்.
ரத்தம் விலகித் திரும்புவதற்குள்
தோல் தன் நிறத்தைச் சொல்லியாக வேண்டும்.
"உங்க லைட்டுல மஞ்சள் புடிபடல சார்.
எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோல வெளிறித் தெரியுது."

குடோனில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன்.
அடியில், பொடி எழுத்தில்:
நிறக் குறியீடு எழுபது.
நூறுக்குக் குறைந்த அந்த முப்பதில்
இந்த நெற்றியும் இருந்திருக்கிறது.

பணம் கிடையாது, கணக்கு முடிந்துவிட்டது.
மேலப்பாளையம் மைதீன்பிச்சை ஏணியில் ஏறி
கூடத்துப் பலகைகளில் பாதியைக் கழற்றினான்.
சுவரின் மேல் விளிம்பில் ஒரு பட்டை விளக்கு ஓடவிட்டோம்,
முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பி.
கூரைக்குப் புதுச் சுண்ணாம்பு.
கக்கூசுக்குப் போகும் வழியில் மட்டும்
முழங்கால் உயரத்தில் சின்னச் சின்ன வெளிச்சம்,
ஆளை மிதித்துவிடாமல் போக.
சுவிட்சு சிஸ்டர் மேசையில்.
வார்டுக்கு இரண்டே விளக்கு,
குறியீடு தொண்ணூற்றைந்து. விலையைச் சொல்லமாட்டேன்.
அதை எந்தக் கணக்கில் எழுதினேன் என்பதையும்.

அன்று ராத்திரி கூடத்தில் அளந்தேன். நாற்பது.
துண்டுகள் கழுத்துக்கு இறங்கியிருந்தன.
ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.
தூக்கம் வராத இரண்டு பெண்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
குசுகுசுவென்று எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

ஜெயசீலி இன்னமும் ஆறு மணிக்கு
ஜன்னலுக்குத்தான் போகிறார்.
"விளக்கு நல்லாருக்கு சார்,
ஆனா மேகம் இல்லாத அன்னைக்கு இது இதுதான்."
நான் மறுக்கவில்லை.

தணிக்கையிலிருந்து கடிதம் வந்து நான்கு நாள்.
மேற்படி கூடத்தில் ஒளியளவு
நிர்ணயித்ததில் ஏழில் ஒரு பங்கே உள்ளது, விளக்கம் தருக.
பதிலில் ஒரு வரிதான் இதுவரை எழுதியிருக்கிறேன்:

ஐயா, மேற்படி கூடத்தில் மேசை இல்லை.