மூன்று மில்லிமீட்டர்

காலிக் கோச்சி போனது, மேசை அதிர்ந்தது
என்றுதான் முதலில் சொன்னேன்.
ரிஸ்மி ஒன்றும் பேசவில்லை.
அளவுகோலை எடுத்து
இறக்கைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தான்.
மற்ற ஓரத்தில்.
கோச்சிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

ஆறு மில்லிமீட்டர்த் துளை,
இருக்கவேண்டிய இடத்துக்கு மூன்று தள்ளி.
பிசிறில்லை, சரிவில்லை.
இவ்வளவு சுத்தமாக
சரியான இடத்தில்கூட நான் துளைத்ததில்லை.
கண்ணை வைத்தால்
அடுத்த வீட்டுக் கொடியில்
பள்ளிக்கூடச் சட்டை ஒன்று காய்ந்தது.

பசை ஊற்றி மூடினால் யாருக்குத் தெரியும்
என்று என் வாயில்தான் வந்தது.
"முதல்ல ஏறப்போறது யாரு?" என்றான்.
நான்தான்.

ஹார்ட்வெயார் கடை உருளைக்கட்டை ஆகாது.
அதன் இழை துளையோடு நேரே போகும்,
சட்டத்தின் இழை குறுக்கே போகும்,
ஒரே மரத்துக்குள் இரண்டு பேச்சு.
மிஞ்சிய ஸ்புரூஸ் துண்டில்
இழை பார்த்துப் பக்கவாட்டில்
வில்லை வெட்டினோம்.
ஐந்தாவதுதான் பொருந்தியது.
மற்ற நாலும் என் கைப்பைக்குள்;
பஸ் காசு தேடும்போது விரலில் படும்.

தெகிவளைக் கராஜில் ஈரப்பதம் எண்பத்தொன்பது.
பசை வியர்த்துப்போகும்.
ஏசி இருப்பது மேலே, எங்கள் படுக்கையறையில் மட்டும்.
பதினான்கு அடிச் சட்டத்தை
படி வளைவில் சாய்த்து, நிமிர்த்தி,
குளியலறைக் கதவைக் கழற்றி
உள்ளே கொண்டுபோனோம்.
கட்டிலுக்குக் குறுக்கே அது படுத்தது.
கேதீசன் தலையணையோடு ஹோலுக்குப் போனார்,
"இதுக்குப் போர்வை வேணுமோ?" என்று கேட்டுவிட்டு.

துளையை அடைத்து
இரு பக்கமும் பேர்ச் ஒட்டுப்பலகை.
ஆறு மில்லிமீட்டர்ப் பிழைக்கு ஒரு சாண் மருந்து.
விளிம்பு ஒன்றுக்குப் பன்னிரண்டாய்ச் சரிந்து
காகிதமாய் மெலியும்வரை தேய்த்தேன்.
இரண்டு இரவு கிளாம்ப்.

பிறகு துளைத்தோம், சரியான ஓரத்திலிருந்து
மூன்று தடவை அளந்து.
புதுத் துளை போனவழியில்
அவ்வளவு பாடுபட்டுச் செய்த வில்லையில்
பாதியைத் தின்றுவிட்டது.
ரிஸ்மி டோர்ச் அடித்துப் பார்த்தான்:
சுவரில் மயிரளவு இரண்டு பசைக்கோடு,
அவற்றுக்குப் பின்னால்
மரத்துக்குள் மறைந்திருக்கும் மீதி.
"பிறை கண்டாச்சு," என்றான்.

கொப்பியில் திகதி போட்டேன்.
வலது இறக்கை, முன் சட்டம்.
காரணம்: அதிர்வு என்று எழுதி
வெட்டினேன்.
காரணம்: நான் ஓரத்தை மாறி அளந்தேன்.
கையெழுத்து வைக்கையில்
ஆறு பத்துக் கோச்சி போனது.
மேசை அதிர்ந்தது,
கொஞ்சம்.