ஏழு புள்ளி இரண்டு

நித்ரா என்பது ஊரின் பெயர்.
ஸ்லோவாக்கியாவில் இருக்கும் அந்த ஊரில்
நாலாம் மாடிச் சமையலறை ஒன்றுக்கு மட்டும்
இரவு ஒன்றேகாலுக்கும் நித்திரை இல்லை.
ரொட்டி அறுக்கும் பலகையைக் கவிழ்த்து,
சால்டர் புகைக்கு ஒரு கண்ணைச் சுருக்கி,
சாமணமும் கையுமாக ஜெல்மீரா.

பகலில் காதுக் கருவி விற்பவள்.
பருப்பளவு பேட்டரியைப் பார்க்காமலே மாற்றுவாள்.
இப்போது அவள் முன்னே
கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சைத் தகடு,
அதில் எண்ண மட்டுமே தெரிந்த ஒரு சிப்.

ராக்கெட் கிளம்பும்போது
முடியளவுச் செம்புக் கம்பி ஒன்று அறும்.
அறுந்ததும் எண்ணு.
ஏழு புள்ளி இரண்டாம் நொடியில்
மருந்தைப் பற்றவை, மூக்கைத் தள்ளு,
குடையை விரி.
அதற்கு இட்ட கட்டளை அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் அது மறந்துபோனது.
மேலே பாய்ந்த வேகத்தில் பேட்டரி கீழே அழுந்தி
ஸ்பிரிங் நசுங்கி
ஒரு கண்ணிமைப்பு தொடர்பு விட்டது.
சிப் செத்தது. உடனே பிழைத்தது.
பிழைத்துப் பார்த்தால் கம்பி ஏற்கெனவே அறுந்திருந்தது.
முன்பே அறுந்ததை இனிமேல்தான் அறும் என்று
காத்திருந்தது, காத்திருந்தது,
சூரியகாந்தி வயலில்
முழங்கை ஆழம் புதையும் வரை.

தோண்டி எடுத்தவன் வ்ராத்கோ.
'தப்பு ஸ்பிரிங்குடையது' என்றான்.
யார் தப்பு என்று பேசிப் பேசியே
பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவர்கள்.
டிசம்பரில் அவன் வீடு மாறினான்.
சோபாவைப் பிரித்தார்கள், கரண்டிகளைப் பிரித்தார்கள்,
ராக்கெட்டை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.
குழாய் அவனுடையது,
மின்சாரம் அவளுடையது.

இந்த முறை ஸ்பிரிங் கிடையாது.
பேட்டரியின் தகட்டுக் காதிலேயே கம்பியை வைத்தாள்.
சூடு ஏறினால் வீங்கிவிடும்,
தொட்டு எடு. ஆறவிடு. தொட்டு எடு.
சிவப்பில் ஒரு டையோடு,
போனது திரும்பாத ஒருவழித் தெரு.
அதற்குப் பின்னால் மின்தேக்கி:
குழாயில் தண்ணீர் நின்றாலும்
குடத்தில் கொஞ்சம் இருக்கும்.
பேட்டரி அரை நொடி முகம் திருப்பினாலும்
சிப்புக்கு நினைவு தப்பாது.

சோதித்துப் பார்க்க, வெடிமருந்தின் இடத்தில்
கிறிஸ்துமஸ் மரத்துக் குட்டி பல்பு.
கம்பியை அறுத்தாள்.
தகட்டை மேசையில் ஓங்கித் தட்டினாள்,
தட்டிக்கொண்டே எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு.
பல்பு எரிந்தது.
இப்படி இருபத்திரண்டு முறை.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தார்.
இருபத்துமூன்றாவதை மெல்லத் தட்டினாள்.

சனிக்கிழமை. கோதுமை அறுத்த வயல்.
அவன் கம்பத்தை நிமிர்த்தினான்.
அவள் ஸ்விட்சைத் திருகினாள்.
பீப். பீப். பீப்.
'கேட்டதா?'
'எது?'
உச்ச சுருதியெல்லாம் அவனுக்கு எப்போதோ போய்விட்டது.
கருவி ஒன்று மாட்டிக்கொள் என்று
ஒன்பது வருடம் சொல்லி ஓய்ந்தவள் அவள்.
'நீ கேட்டால் சரி' என்றான்.

புகை முதலில். ஓசை பிறகு.
ஐந்து. ஆறு.
ஏழு என்று சொன்னபோது இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.
அந்தப் புள்ளி இரண்டை
யாராலும் சொல்ல முடியாது.
வானத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு.
ஆரஞ்சுக் குடை.
'பட்' என்ற சத்தம் வந்து சேர்ந்தபோது
காற்று அதை மக்காச்சோளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆளை மறைக்கும் பயிர். உள்ளே
எங்கேயோ பீப், எங்கேயோ பீப்.
அவள் நின்று தலை சாய்ப்பாள்;
அவன் அவளுடைய தலையைப் பார்த்து நடப்பான்.
நாற்பது நிமிடம், பேச்சில்லை,
சட்டைக்குள் மகரந்தம்.

கிடைத்தது. ஒரு இறக்கை மட்டும் விரிசல்.
மீட்டரை வைத்தாள்: மூன்று புள்ளி ஒன்பது வோல்ட்.
பையில் செம்புக் கம்பி
இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது.
ஒரு முறை அறுவதற்கு
அது போதும்.